காலில் நீர் கோத்தால்

அந்தமானின் ரங்கத்தில் பஸ் ஏறி, வண்டிகள் அணியாகச் செல்லும் கான்வாய்க்குக் காத்திருந்து, போர்ட் பிளேரில் இறங்கும்போது செருப்பு இறுக்குகிறதா? பலருக்கும் இருக்கும். காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் நீர் கீழே இறங்கத்தான் செய்யும். படுத்து எழுந்தால் வடிந்துவிடும். வடியாத வீக்கம்தான் விஷயம்.

அழுத்திப் பாருங்கள்

கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால், திசுவில் நீர் கோத்திருக்கிறது.

எங்கே கோளாறு?

இதயம் தளர்ந்தால் ரத்தம் தேங்கி, மாலையில் கால் வீங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், தலையணை இரண்டாகும். சிறுநீரகம் புரதத்தைக் கசியவிட்டால் காலையில் கண்ணிமை உப்பியிருக்கும், சிறுநீர் நுரைக்கும். கல்லீரல் கெட்டால் வயிற்றிலும் நீர் சேரும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மருத்துவரிடம் சொல்லி மாற்றலாம், தானாக நிறுத்தக்கூடாது.

கலப்படக் கடுகெண்ணெயும் ஒரு காரணமாகலாம். 1998இல் டெல்லியில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு, ரத்த நுண்குழாய்கள் கசிந்து, கால் வீங்கி, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்காளிகளோடு சேர்ந்து வாழும் ரங்கத் தமிழர் வீட்டிலும் கடுகெண்ணெய் புழங்கும். சில்லறையாக அளந்து விற்பதை வாங்காதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினால்

திடீரென வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. மெல்ல மெல்லத் தடித்தால் யானைக்கால் நோயை நினைக்க வேண்டும். நிணநீர்க் குழாயைப் புழு கெடுப்பதால் வருவது. நம் யூனியன் பிரதேசத்தின் நான்கவ்ரி தீவுகளில் இதைப் பரப்பும் காட்டுக் கொசு பகலில் கடிக்கிறது. இரவில் கொசுவலைக்குள் படுப்பது மட்டும் அங்கே போதாது. ஏற்கெனவே வீங்கிய காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பித்தவெடிப்பு வழியே கிருமி நுழைந்தால் காய்ச்சலோடு வீக்கமும் கூடும்.

உப்பும் மாத்திரையும்

உப்பு கூடினால் உடலில் நீர் தேங்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் ஒரே தட்டில் விழுந்தால் கணக்கு எங்கே நிற்கும்? அதைவிட மோசம், கடையில் கேட்டு வாங்கும் ‘நீர் போகும் மாத்திரை’. வீக்கம் வடியும், நோய் மறையாது. பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

ரங்கத் சமுதாய சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கித் தலை வலித்தாலோ, யாருக்காவது வீக்கத்தோடு மூச்சுத் திணறினாலோ, மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.