பழைய டர்ன்டேபிள் 9,000 ரூபாய்தானா? முழு பில்லையும் போட்டுப் பார்ப்போம்

பரண்ல அப்பாவோட இசைத்தட்டுப் பெட்டி இருக்கு, அதைக் கேக்க ஒரு ப்ளேயர் வேணும், சம்பளம் வந்ததும் வாங்கிடலாமா? இந்தக் கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. இதுல ஆடிட்டருக்கு என்ன வேலைன்னு நினைக்காதீங்க. பழைய பைக் வாங்குற கதைதான் இதுவும். கடைக்காரர் சொல்ற விலை பாதிதான். மீதிச் செலவு வீட்டுக்கு வந்தப்புறம் ஒவ்வொண்ணா தலைகாட்டும்.

முதல்ல கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், நீங்க விசாரிச்ச விலையைப் போட்டுக்கோங்க. செகண்ட்ஹேண்ட் டர்ன்டேபிள் 9,000. புது ஊசி 3,000. பெல்ட் 700. போனோ ப்ரீஆம்ப் 2,500. வெளிநாட்டு மாடலா இருந்தா ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 1,500. சர்வீஸ் 2,000. மொத்தம் 18,700. ஆம்பும் ஸ்பீக்கரும் இன்னும் இந்தக் கணக்குக்குள்ள வரவே இல்லை. 9,000 மட்டும் எடுத்து வெச்சவர் பாக்கி 9,700-ஐ எங்க போடுவார்? கிரெடிட் கார்டுலதான்.

"அப்போ இந்தத் தொல்லையே வேணாம், சூட்கேஸ் மாதிரி மடக்குற புது ப்ளேயர் சல்லிசா கிடைக்குதே"ன்னு கேப்பீங்க. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா அதுல பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி தட்டை 5, 6 கிராம் எடையோட அழுத்தும். நல்ல மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 2 கிராம் பக்கத்துல நிக்கும். அந்த எடையைக் குறைக்கவும் அதுல வழி இருக்காது. ஒரு தடவை போட்டா தட்டு பாழாயிடாது, ஆனா அதே தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினா தேய்மானம் கூடத்தான் செய்யும். ப்ளேயர் போனா வேற வாங்கிக்கலாம். அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின இளையராஜா எல்பி தேஞ்சா, அந்தத் தட்டு திரும்பக் கிடைக்குமா? என்னைக் கேட்டா, கையில காசு இல்லன்னா இன்னும் நாலு மாசம் சேருங்க, அதுவரைக்கும் பெட்டி பரண்லயே இருக்கட்டும். படுக்க வெக்காம, செங்குத்தா நிக்க வெச்சு, வெயில் படாம வெச்சா போதும்.

பெட்டியில தாத்தா காலத்து 78 வேகத் தட்டு இருந்தா தனியா எடுத்து வெச்சிடுங்க. அதோட பள்ளம் அகலம். எல்பி ஊசியை அதுல ஓட்டக் கூடாது, தனி ஊசி வேணும்.

வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்தைப் பாருங்க

நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க. ஜப்பான்ல வீட்டு கரன்ட் 100 வோல்ட். அமெரிக்காவுல 120. நம்ம ஊர்ல 230. அந்த ப்ளேயரை நேரா நம்ம ப்ளக்குல சொருகினா புகைதான் வரும், டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஹெர்ட்ஸ். நமக்கு 50. அமெரிக்காவுல 60. ஜப்பான்ல கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. பழைய ப்ளேயர் பலதுல இருக்கிற ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் இந்த ஹெர்ட்ஸை வெச்சுத்தான் சுத்தும். 60-க்குச் செஞ்சதை 50-ல ஓட்டினா, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து போக வேண்டிய தட்டு 28-க்கும் கீழதான் போகும். எஸ்.பி.பி. குரல் தூக்கத்துல பாடுற மாதிரி இழுக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைச்சா சரியாகும், கிடைக்கலன்னா அலமாரி அலங்காரம்தான். டிசி மோட்டார் வெச்ச ப்ளேயருக்கும், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரி குவார்ட்ஸ் கன்ட்ரோல் உள்ள டைரக்ட் டிரைவுக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. பின்னாடி ஒட்டியிருக்கிற லேபிள்ல "60" மட்டும் போட்டிருந்தா, மோட்டார் எந்த வகைன்னு உறுதியாகாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

அடுத்தது கார்ட்ரிட்ஜ். ஊசி எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது. வைர ஊசிக்கே கம்பெனிகள் சில நூறு மணி நேரத்துல இருந்து ஆயிரம் வரைக்கும்தான் ஆயுள் சொல்லுது. அதனால புது ஊசி விலையை இப்பவே கணக்குல சேத்துடுங்க. ரெண்டு ஸ்க்ரூ, நடுவுல அரை இன்ச் இடைவெளி, இந்தப் பொது அமைப்பு இருந்தா இன்னிக்கும் ஏகப்பட்ட கார்ட்ரிட்ஜ் பொருந்தும். அந்தக் கம்பெனிக்கே உரிய வேற அமைப்பா இருந்தா, ஊசி கிடைக்குதான்னு பாத்துட்டு விலை பேசுங்க.

கடைக்கு உங்க தட்டு ஒண்ணைக் கொண்டு போங்க, பெட்டியில மட்டமா இருக்கிறதா பாத்து. ஒரு பக்கத்தோட கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்க. ஊசி தேஞ்சிருந்தா தட்டோட உள்வட்டத்துல "ஸ்", "ஷ்" எல்லாம் கொரகொரன்னு கேக்கும். பழைய ஸ்பீக்கரும் சேத்து வாங்குறீங்கன்னா, கோனைச் சுத்தியிருக்கிற ஃபோம் வளையத்தை விரலால லேசா தொட்டுப் பாருங்க. உதிர்ந்து வந்தா அதுக்கும் செலவு இருக்கு.

வீட்டுக்கு வந்தாச்சு, சத்தம் சரியில்ல

உடனே சர்வீஸ்காரரைக் கூப்பிடாதீங்க, பாதிக் கோளாறுக்குச் செலவே கிடையாது.

சத்தம் ரொம்பக் கம்மி, பேஸே இல்லாம தகர டப்பா மாதிரி கேக்குதா? ப்ளேயரை நேரா ஆக்ஸ்ல சொருகியிருப்பீங்க. கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்ற சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட்தான். தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சு ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவாங்க, அதைத் திருப்பிச் சரிபண்றதுதான் போனோ ப்ரீஆம்ப்போட வேலை. 2,500 கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடி, பழைய ஆம்ப் பின்னாடி போனோன்னு ஒரு ஓட்டை இருக்கான்னு பாருங்க. ஆடியோ டெக்னிக்கா ஏடி-எல்பி60எக்ஸ் மாதிரி புது ப்ளேயர்ல ப்ரீஆம்ப் உள்ளயே இருக்கு, சுவிட்சைத் தள்ளினா போதும். ரெண்டையும் சேத்துப் போட்டுடாதீங்க, சத்தம் உடையும்.

"ம்ம்ம்"னு இரைச்சலா? டர்ன்டேபிள்ல இருந்து வர்ற மெல்லிசான எர்த் வயர் ஆம்ப்ல மாட்டியிருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பாடுதா? ஆம்பை ஆஃப் பண்ணிட்டு, டர்ன்டேபிள்ல இருந்து வர்ற இடது, வலது ஒயரை ஆம்ப்ல மாத்திச் சொருகுங்க. ஊமையா இருந்த பக்கம் மாறினா கோளாறு டர்ன்டேபிள்லயோ அதோட ஒயர்லயோ. மாறலன்னா ஆம்ப் அல்லது ஸ்பீக்கர். இந்த ஒரு சோதனையைச் செஞ்சுட்டுப் போனீங்கன்னா, சர்வீஸ் கடையில தேவையில்லாத பார்ட்டுக்கு பில் போட முடியாது. வேகம் ஏறி இறங்கினா பெல்ட்டை மாத்துங்க. வால்யூம் திருகும்போது கரகரன்னா, எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு நாலு தடவை திருகுங்க, துரு எடுக்கிற ஸ்ப்ரே வேணாம்.

டர்ன்டேபிளைக் கழட்டினப்புறமும் ஆம்ப் உறுமுதுன்னா உள்ள ஃபில்டர் கெபாசிட்டர் போயிருக்கலாம். இது மட்டும் நீங்களா திறக்காதீங்க, ப்ளக்கைப் பிடுங்கினாலும் அதுல கரன்ட் தங்கியிருக்கும், உயிர் விஷயம். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க. நீங்க கொடுத்த விலையும் ரிப்பேரும் சேத்து அதே தரத்துப் புது ஆம்ப் விலையில முக்கால் பங்கைத் தாண்டினா, நான் அங்கயே நிறுத்திடுவேன்.

வரி, ஈஎம்ஐ

நோ-காஸ்ட் ஈஎம்ஐ-ல வட்டி இல்லாம இல்ல, தள்ளுபடியா காட்டி ஈடுகட்டுறாங்க. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுல வரும், ப்ராசசிங் ஃபீஸ் இருந்தா அதுக்கும் தனியா. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்க வரி பொருள் விலைக்கு மட்டும் இல்ல, கூரியர் கட்டணம், இன்சூரன்ஸ் சேத்த தொகைக்குப் போடுவாங்க. டர்ன்டேபிள் கனமான சாமான், கூரியரே விலைக்குச் சமமா நிக்கலாம்.

நாளைக்கு இதை லாபத்துக்கு வித்தா வரி உண்டா? சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த டர்ன்டேபிள், ஆம்ப் எல்லாம் மூலதனச் சொத்துக் கணக்குலயே வராது, நகை, ஓவியம் மாதிரி சிலதுதான் விலக்கு. அதனால அந்த லாபத்துக்கு வரி இல்ல. ஆனா மாசாமாசம் நாலு ப்ளேயர் வாங்கி, பெல்ட் மாத்தி, வித்துக்கிட்டே இருந்தீங்கன்னா அது வியாபாரம். அந்த வருமானத்தை ரிட்டர்ன்ல காட்டணும், வாங்கின பெல்ட், ஊசி பில்லையெல்லாம் பத்திரமா வெச்சிருங்க.