சேற்றில் ஒட்டிய மருந்து

"பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வருஷா வருஷம் மருந்தடிக்கிறோம். மழை பெய்தால் எல்லாம் ஏரிக்குத்தான் போகிறது. தண்ணீரைச் சோதித்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். அடித்த மருந்து எங்கே போயிற்று?" பெரம்பலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏரிக்கு வந்ததில் பெரும்பகுதி அடிச்சேற்றில் தங்கியிருக்கக்கூடும்.

எல்லா மருந்துக்கும் ஒரே குணம் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் தாராளமாகக் கரைந்து தண்ணீரோடு ஓடிவிடும். டி.டி.டி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கரையாது. உச்சநீதிமன்றம் 2011இல் தடைசெய்த எண்டோசல்பானும் தண்ணீரை வெறுக்கும் சாதிதான். இவை வண்டலில் ஒட்டிக்கொண்டே ஏரிக்குள் வருகின்றன. அழுகிய கோரை, சம்பு, இலைதழை எல்லாம் மக்கிக் கறுத்த சேற்றில் கரிமப் பொருள் மிகுதி. அதில் போய் ஒண்டிக்கொள்கின்றன. நாளாக நாளாக அந்தப் பிடி இறுகும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது, அந்த மக்கிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் பழுப்புச் சாறு. அம்மா எண்ணெய்க் குளியலுக்கு அரப்புத் தேய்த்துவிடுவார். வெறும் தண்ணீருக்கு மசியாத எண்ணெய், அரப்பு நுரையோடு வழிந்து இறங்கும். ஹியூமிக் அமிலம் என்னும் இந்தச் சாறு செய்வதும் அதேதான். அதன் மூலக்கூறில் ஒரு பகுதி தண்ணீரோடு சேரும், இன்னொரு பகுதி எண்ணெய்த்தன்மை உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். 1986இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கேரி சியோ குழுவினர், இந்தச் சாறு கலந்தால் டி.டி.டி. வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரைவதை அளந்து காட்டினார்கள். கரையாது என்று நாம் நம்பியிருக்கும் நஞ்சு மதகு வழியே அடுத்த ஏரிக்குப் பயணப்படுவது இப்படியும்தான்.

ஒட்டிக்கொண்ட நஞ்சை மீன் செவுள் எளிதில் உறிஞ்சாது. அந்த மட்டில் மக்கு ஒரு காவல். ஆனால் சேற்றையே தின்னும் புழுவுக்கும் நத்தைக்கும் அந்தக் காவல் இல்லை. நத்தையைத் தின்ன நத்தைகுத்தி நாரை காத்திருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் இடம் அது. அப்படிப்பட்ட ஏரிகளுக்கு நம் வயல் வடிநீரும் போகிறது என்ற நினைப்பு நமக்கு வேண்டும்.

ஏரி வண்டலை வயலுக்கு அள்ளிச் செல்ல அரசு அனுமதி தருவது நல்ல காரியம். அள்ளுவதற்கு முன் அந்தச் சேற்றைச் சோதிக்கவும் ஏற்பாடு இருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்துவிட்டு ஏரி சுத்தம் என்று எழுதிக் கொடுப்பது அரைகுறைச் சோதனை.

மழை கருக்கும் நாளில் மருந்தடிக்காதீர்கள். தெளிப்பானை வரத்து வாய்க்காலில் கழுவாதீர்கள். அடுத்த முறை உங்கள் ஏரித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பும்போது, அடிச்சேற்றிலும் ஒரு பிடி சேர்த்து அனுப்புங்கள்.