பார்த்து இறக்குங்கண்ணே!

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

நம் பேரவை மலருக்கு எதை எழுதலாம் என்று யோசித்தபோது, ஹாஸ்டலில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சுதான் நினைவுக்கு வந்தது. "பார்சலைத் தூக்கிப் போட்டு உடைச்சிட்டாங்கடா!" ஒருவனுக்கு வீட்டிலிருந்து வந்த ஊறுகாய் பாட்டில், இன்னொருவனுக்கு டேபிள் ஃபேன். பொருள்தான் மாறும், தீர்ப்பு மாறாது. குற்றவாளி, கொண்டுவந்து போட்டவன்.

என் அப்பா தஞ்சாவூரில் ஒரு லாரி ஷெட்டில் சுமை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆகவே இந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் மெக்கானிக்ஸ் படித்த நாம், ஒரு பெட்டி ஏன் உடைகிறது என்பதைத் திட்டாமல் கணக்காகப் பார்க்கலாமே.

இடுப்பு உயரம் சுமார் 90 செ.மீ. அங்கிருந்து கை நழுவி விழும் பெட்டி, தரையைத் தொடும்போது வினாடிக்கு 4.2 மீட்டர் வேகத்தில் இருக்கும். மணிக்கு 15 கி.மீ. 'சைக்கிள் வேகம்தானே' என்று தோன்றும். ஆனால் உடைப்பது வேகம் அல்ல, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான். சிமெண்ட் தரையில் அட்டை நசுங்கி 1 செ.மீ.க்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருளின் மீது அதன் எடையைப் போல சராசரியாக 90 மடங்கு விசை விழும். 2 கிலோ பொம்மை என்றால் 180 கிலோவை அதன் தலையில் ஏற்றி வைத்த மாதிரி! அதே பொம்மையைச் சுற்றி வைக்கோல் திணித்து, அது 6 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் 15 மடங்குதான். 180 கிலோ 30 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. மண்பானையை வண்டியில் ஏற்றும்போது அடியில் வைக்கோல் பரப்பிய நம்ம ஊர்ப் பெரியவர்கள் இந்தச் சூத்திரத்தைப் படித்தவர்கள் இல்லை. விஷயம் மட்டும் தெரிந்திருந்தது.

நம் தஞ்சாவூரிலிருந்து வெளியூர் போகிற பொருள்களையே பாருங்கள். தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, கண்ணாடி போட்ட ஓவியம், வீணை. பொம்மையைச் சாய்த்தால் தானாக எழுந்து நிற்கும், அடிப்பாகம் கனமாக இருப்பதால். பெட்டிக்குள் இருக்கும்போது அந்த வித்தை செல்லாது. கனமான அடிதான் மற்றதை இடித்து உடைக்கும். வீணை இன்னும் மோசம். பலா மரத்தில் செய்யும் அந்த வாத்தியத்தில் 24 பித்தளை மெட்டுகளையும் மெழுகில் பதித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் மூடிய லாரிக்குள் மெழுகு இளகும். அப்போது ஒரு குலுக்கல் போதும், மெட்டு நகர்ந்துவிடும். பெட்டியில் கீறல்கூட இருக்காது, ஆனால் வாசித்தால் சுருதி சேராது. இதற்கு எந்தக் கையைக் குற்றம் சொல்வது?

சரி, எத்தனை கை என்று எண்ணிப் பார்த்தேன். கடையில் எடுப்பது, புக்கிங் ஆபீசில் இறக்குவது, அங்கிருந்து லாரியில் ஏற்றுவது, பெரிய ஊர்க் கிடங்கில் இறக்கிப் பிரிப்பது, மறுபடி ஏற்றுவது, போய்ச் சேரும் ஊரில் இறக்குவது, கடைசியில் வண்டிக்காரப் பையனின் பை. எப்படிப் பார்த்தாலும் எட்டுப் பத்துத் தடவை தூக்கி வைக்க வேண்டும். நாம் பார்ப்பது கடைசி ஆளை மட்டும். முதல் கிடங்கிலேயே உடைந்ததற்கும் அவன்தான் ஏச்சு வாங்குகிறான்.

இனி, பெட்டியின் மேல் இருக்கும் எழுத்துக்கு வருவோம். 'ஃப்ரஜைல்', 'ஹேண்டில் வித் கேர்' என்று சிவப்பில் அச்சடித்திருப்பார்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அது தூக்குகிறவருக்குப் புரியாது என்பதால்தான் படமும் போடுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 780 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள படங்கள் அவை. அந்தக் கண்ணாடிக் கிளாஸ் படம் என்னவென்று அப்பாவிடம் கேட்டேன். "ஏதோ கம்பெனி மார்க்குன்னு நெனைச்சேன்" என்றார். அவரோடு வேலை செய்யும் ஒரு சித்தப்பா, உள்ளே 'சரக்கு' பாட்டில் இருப்பதாக நினைத்தாராம்! சிரிக்க வேண்டாம். காம்பு வைத்த கிளாஸை நம்ம தெருவில் யார் பார்த்திருக்கிறார்கள்? டீ கிளாஸ் படம் போட்டிருந்தால் ஒருவேளை புரிந்திருக்கும்.

மேல்நோக்கிய இரட்டை அம்புக்குறிக்கும் காரணம் உண்டு. அட்டைப் பெட்டியின் சுவருக்குள் அலை அலையாக ஒரு தாள் இருக்கும். வழக்கமாக அந்த அலைகள் செங்குத்தாக நிற்கும், வீட்டுக்குத் தூண் மாதிரி. பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் தூண்கள் படுத்துவிடும், மேலே அடுக்கும் சுமையைத் தாங்காது. குடைப் படம், நனைக்காதே என்பதற்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்த அட்டை பலத்தைப் பெருமளவு இழந்துவிடும். அடியில் இருக்கும் பெட்டி யாரும் தொடாமலே நசுங்கும்.

இன்னொரு படம், குறுக்கே கோடு போட்ட கொக்கி. 'கொக்கி போட்டுத் தூக்காதே' என்று அர்த்தம். இது நம்ம டெல்டாவுக்கு ரொம்பச் சொந்தமான விஷயம். நெல் மூட்டையைக் கொக்கி போட்டு இழுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு ஓட்டை. போதாததற்கு, சாம்பிள் பார்க்கக் குத்தூசி வேறு. கொள்முதல் நிலையத்தில் ஏற்றும்போது, கிடங்கில் இறக்கும்போது, ரயில் வேகனில் ஏற்றும்போது, அரவை ஆலையில் இறக்கும்போது என்று சாக்கு கிழிந்துகொண்டே போகும். விவசாயி ஒரு மணி விடாமல் பொறுக்கிய நெல் வழியில் சிந்துகிறது. பார்க்க வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆனால் கொக்கி ஏன் வந்தது? மூட்டைக்குப் பிடி கிடையாது. இறுக்கித் தைத்த சாக்கில் விரல் வழுக்கும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஒரு சிப்பம் 40 கிலோ. 10 டன் நெல்லை லாரியில் ஏற்ற 250 சிப்பம் தூக்க வேண்டும். நான்கு பேர் இருந்தால் ஒருவர் பங்கு 62 சிப்பத்துக்கு மேல், சுமார் 2,500 கிலோ! அது ஒரு லாரிக்கு. அறுவடைக் காலத்தில் அடுத்த லாரி பின்னாலேயே நிற்கும். நாள் சம்பளம் இல்லை, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மெதுவாக வைத்தால் கூலி குறையும், வேகமாகப் போட்டால் சாக்கு கிழியும். ஐம்பதாவது மூட்டையில் மெதுவாகக் குனிந்து வைக்கச் சொன்னால், எந்த முதுகு கேட்கும்?

முன்பு தானிய மூட்டை 100 கிலோ வரைக்கும் இருந்தது. அப்பாவின் கழுத்தும் முழங்காலும் அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்லும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் செய்த பரிந்துரையில், ஓர் ஆண் தனியாகத் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வழி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம்ம பக்கத்தில் மூட்டை என்றால் இன்றைக்கும் 60 கிலோ கணக்குதான். சாக்கைத் தைக்கும்போது இரண்டு மூலையிலும் காது மாதிரி கொஞ்சம் விட்டுக் கட்டினால் கைக்குப் பிடி கிடைக்கும், கொக்கி தேவைப்படாது. செலவு ஒரு முழம் சணல்.

வீட்டுக்கு வீடு பார்சல் கொடுக்கும் வண்டிக்காரர்களும் இதே கதைதான். பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, பார்சலுக்கு இவ்வளவு. இவர்களுக்காகத் தமிழக அரசு 2023 டிசம்பரில் தனி நலவாரியம் அமைத்தது. நல்ல விஷயம். ஆனால் வாரியம் வந்ததால் பையின் கனம் குறைந்துவிடவில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடிப்பது, காலால் தள்ளுவது, மதில் மேலிருந்து வீசிவிட்டுப் போவது, இவையெல்லாம் கூலிப் பிரச்சினை அல்ல, திமிர். "சரக்கைக் காலால தள்ளாதடா, அடுத்தவன் காசு அது" என்று அப்பாவே புது ஆள்களைச் சத்தம் போடுவார். கனடாவைச் சேர்ந்த டேவ் கரோல் என்ற பாடகரின் கிதார் 2008-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானப் பயணத்தில் உடைந்தது. சிகாகோ விமான நிலையத்தில் கிதார்களைத் தூக்கி வீசியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கம்பெனி மாதக்கணக்கில் இழுத்தடித்து நஷ்ட ஈடு இல்லை என்றுவிட, அவர் 2009 ஜூலையில் அதையே பாட்டாகப் பாடி யூடியூபில் போட்டார். உலகமே பார்த்தது. எனக்குப் பிடித்தது, அவர் கோபத்தைச் சுமை தூக்கியவர்களோடு நிறுத்தாமல் கம்பெனி மேல் திருப்பியதுதான்.

நாம் பாட்டு எழுத வேண்டியதில்லை. பார்சல் நசுங்கி வந்தால், பிரிக்கும் முன்பே போட்டோ எடுங்கள். 'சேதமான நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். லாரி பார்சலுக்கு 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. அதன்படி, வழக்குப் போடுவதென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அனுப்பும்போது பொருளின் மதிப்பை ரசீதில் குறைத்து எழுதாதீர்கள், இழப்பீட்டுக்கு அது முக்கியம். தபாலில் விஷயம் வேறு. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டப்படியும், விதிகளில் ஏற்றுக்கொண்ட அளவைத் தவிர அஞ்சல் துறைக்குப் பொறுப்பு இல்லை. ஆகவே விலை உயர்ந்த பொருளை இன்ஷூர் செய்து அனுப்புங்கள். டெலிவரி கொடுக்கும் அண்ணனிடம் சண்டை போட்டு ஒரு பைசாகூடக் கிடைக்காது.

கடைசியாக ஒரு விஷயம். நம் ஒர்க்‌ஷாப்பில் மிச்சமான தகரத்தில் மூன்று ஸ்டென்சில் வெட்டி வைத்திருக்கிறேன். டீ கிளாஸ், அம்புக்குறி, குடை. கீழே தமிழில் 'உடையும்', 'இந்தப் பக்கம் மேலே', 'நனைக்காதீங்க'. அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் காட்டினேன், இரண்டு பேருக்கும் உடனே புரிந்தது. ஊருக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் ஹாஸ்டலில் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெயிண்ட் மட்டும் உங்கள் செலவு.