தேடத் தொடங்குவோரின் மனநிலை

நூலகத்தில் ஒரு நூலை நாடுவோருக்கு அலமாரிகள் கண்ணெதிரே நிற்கும், நூலகரையும் கேட்டறியலாம். இணையத் தரவுத்தளத்தில் தேடப் புகுவோர் முன் இருப்பதோ வெறும் ஒரு கட்டம். அதனுள் எச்சொல்லை இடுவது என்பதே அவர்தம் முதல் திகைப்பு. சிலமுறை முயன்றபின், "இது நமக்கு ஏற்றதன்று" எனப் பலர் விலகிவிடுகின்றனர். அவ்வாறு விலக வேண்டுவதில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நூலகவியல் பேராசிரியை கரோல் குல்தாவ், 1980களில் உயர்நிலைப் பள்ளி மாணவர் தகவல் தேடும் முறையை ஆராய்ந்தார். தேடுதலில் ஆறு படிகள் உண்டென்றும், ஒவ்வொன்றிலும் மனநிலை மாறுமென்றும் அவர் வகுத்தார். பணியை ஏற்கையில் ஐயப்பாடு. பொருளைத் தேர்ந்ததும் நம்பிக்கை. தேடிப் படிக்கையில் குழப்பமும் சலிப்பும். வேண்டுவது இன்னதென்று உருப்பெற்றதும் தெளிவு. உரியவற்றைத் திரட்டுகையில் உறுதி. முடிவில் மனநிறைவு அல்லது ஏமாற்றம்.

இவற்றுள் மூன்றாம் படியே இடர் மிக்கது. செய்திகள் ஒன்றோடொன்று முரண்படும். நாம் முன்னறிந்தவற்றோடும் பொருந்தா. தேடுவோர் இதனைத் தம் அறிவுக்குறை எனக் கருதுகின்றனர். ஆயினும், புதிதாக ஒன்றைக் கற்கும் எவரும் கடந்தே தீர வேண்டிய படி அது.

தேடும் முறையும் இக்குழப்பத்தை மிகுவிக்கின்றது. கடையில் "பருத்தியும் பட்டும் காட்டுங்கள்" என்றால் இருவகைத் துணிகளும் வந்து குவியும். தரவுத்தளத்திலோ, அவ்விரு சொற்களையும் 'உம்' எனப் பொருள்படும் 'ஆண்ட்' என்னும் இணைப்பால் கோத்தால், இரண்டும் ஒருங்கே உள்ள பதிவுகள் மட்டுமே வரும், எண்ணிக்கை சுருங்கும். 'அல்லது' எனப் பொருள்படும் 'ஆர்' இட்டால் பெருகும். இதற்கு அடிப்படை, ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர் 1854இல் விளக்கிய தருக்கமுறையாகும்.

பெயர் வேற்றுமையும் ஒரு தடை. கத்தரிக்காய் நம் நாட்டு ஆங்கிலத்தில் பிரிஞ்சால், அமெரிக்காவில் எக்பிளாண்ட், இங்கிலாந்தில் ஆபர்ஜின். ஒரு பெயரை மட்டும் இட்டவர் ஏனைய பெயர்களில் எழுதப்பட்டவற்றை இழக்கக்கூடும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1980களில் 'அக்ரோவாக்' என்னும் வேளாண் சொற்றொகுதியை உருவாக்கியது, இத்தகைய இடர்ப்பாட்டை நீக்கும் பொருட்டே.

ஆகவே, ஒன்றும் கிடைக்கவில்லையெனில் முதலில் சொல்லை மாற்றிப் பாருங்கள். மிகுதியாகக் கிடைத்தால், அனைத்தையும் சேர்த்து வைக்காமல் சிலவற்றைப் படித்து, அவற்றில் வழங்கும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், "நான் அறிய விரும்புவது யாது?" என்பதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அவ்வாக்கியம் அமைந்துவிட்டால் நான்காம் படியை எட்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

பயிரில் நோய் கண்டவரோ, சாயம் நில்லாமல் நட்டமுற்றவரோ மூன்றாம் படியில் தேடலைக் கைவிட்டால், மருந்தும் சாயமும் விற்போர் சொல்லே அவருக்குக் கதியாகும். எனவே, சங்கத்தில் இதனைப் பழகியவர்கள் புதியவருக்காகத் தாமே தேடித் தந்துவிடாமல், அருகமர்ந்து, "இக்குழப்பம் எமக்கும் இருந்தது, நீங்கிவிட்டது" என்று கூறி வழிகாட்டுதல் நலம்.