உலர்ந்த புல்லின் நறுமணம்

அறுத்துப் போட்ட பசுந்தழை வெயிலில் வாடும்போது இனியதொரு மணம் எழுவதை உழவர் பலரும் அறிவர். செடி நின்றபோது இல்லாத மணம், வாடியபின் எங்கிருந்து வந்தது? சிலவகைப் புற்களிலும் தீவனச் செடிகளிலும் இதற்குக் காரணமாக அமைவது கூமரின் என்னும் பொருள். சாயத் தொழிலையும், மாடு வளர்ப்பையும், பட்டைச் சாகுபடியையும் ஒருங்கே தொட்டுச் செல்வது இதன் வரலாறு. ஆதலின் நம் அங்கத்தினர்கள் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

மணம் பிறக்கும் விதம்

உயிருள்ள செடியில் கூமரின் பெரும்பாலும் தனித்து இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த, மணமற்ற வேறொரு பொருளாகவே அடங்கிக் கிடக்கிறது. தழை நசுங்கினாலும் வாடினாலும் உயிரணுக்கள் சிதைய, நொதிகள் அப்பிணைப்பை அறுத்துவிடுகின்றன. அப்போதே கூமரின் தோன்றி மணம் பரப்புகிறது. தூய நிலையில் அது வெண்ணிறப் படிகம். ஏறத்தாழ 71 பாகை செல்சியஸில் உருகும். மணம் இனிதெனினும் சுவை கசப்பே.

தென் அமெரிக்கக் காடுகளில் விளையும் டோங்கா விதையில் இது மிகுதி. 1820ஆம் ஆண்டில் அவ்விதையிலிருந்தே இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். 1868இல் ஆங்கிலேய இரசாயன அறிஞர் வில்லியம் பெர்க்கின் இதனை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். நெசவாளர்க்கு அவர் அயலார் அல்லர். 1856இல், பதினெட்டாம் வயதில், ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டு துணித் தொழிலின் போக்கையே மாற்றியவர் அவர்தாம். 1882இல் பாரிஸ் நகரில் ஊபிகான் நிறுவனத்தார் வெளியிட்ட ‘பூஜேர் ரோயால்’ என்னும் வாசனைத் திரவியத்தில் செயற்கைக் கூமரின் இடம்பெற்றது. இன்று சவர்க்காரம், அத்தர் வகைகள் முதலியவற்றில் சேரும் கூமரினில் பெரும்பகுதி இவ்வாறு செய்யப்படுவதே.

மாடுகளைக் கொன்ற தீவனம்

1920களில் கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியிலும் மாடுகள் காரணம் விளங்காமல் மடிந்தன. கொம்பு தறித்த சிறு காயத்திலிருந்தும் இரத்தம் நில்லாமல் ஒழுகிற்று. அவை தின்றது இனிப்புக் குளோவர் என்னும் மணமிக்க தீவனச் செடி. நன்கு உலர்ந்த குளோவரைத் தின்ற மாடுகளுக்குக் கேடில்லை. ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்ததைத் தின்றவையே மாண்டன.

1933ஆம் ஆண்டு குளிர்காலத்தில், விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் இறந்த கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த பால்குவளையையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியிலேற்றிக்கொண்டு மாடிசன் நகருக்குச் சென்றார். அங்கே பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் கார்ல் லிங்க் என்பாரிடம் அவற்றை ஒப்படைத்தார். லிங்க் குழுவினர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பூசணம் கூமரினை மாற்றுவதால் டைகூமரால் என்னும் நஞ்சு பிறப்பதைக் கண்டனர். இரத்தம் உறைவதற்கு உயிர்ச்சத்து ‘கே’ வேண்டும். அதன் வேலையை இந்நஞ்சு தடுத்துவிடுகிறது. கூமரினுக்கோ அவ்வியல்பு இல்லை.

இவ்வாராய்ச்சியின் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954இல் அதுவே இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மாட்டைக் கொன்ற பொருளின் ஆராய்ச்சி மனிதரைக் காக்கும் மருந்தில் முடிந்தது. அதற்கு வித்திட்டது, நட்டத்தை விதியென்று விட்டுவிடாமல் சான்றுகளோடு ஆய்வுக்கூடம் தேடிச் சென்ற ஓர் உழவரின் முயற்சியுமாகும்.

பட்டை வாங்குவோர் கவனத்திற்கு

கல்லீரலுக்கு ஊறு செய்யலாம் என்னும் ஐயத்தால், உணவில் கூமரின் சேர்ப்பதை அமெரிக்கா 1954இல் தடை செய்தது. ஆயினும் சில உணவுப்பொருள்களில் அது இயற்கையாகவே உண்டு. கசியா எனப்படும் தடித்த பட்டையில் அது மிகுதி. இலங்கையில் விளையும் மெல்லிய கறுவாவில் மிகச் சிறிதளவே. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த அளவு. அறுபது கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் இரண்டு கிராம் கசியாப் பொடி உட்கொண்டால் இவ்வெல்லையைத் தொட்டுவிடக் கூடும். சமையலில் எப்போதேனும் ஒரு துண்டு சேர்ப்போர் அஞ்ச வேண்டுவதில்லை. மருந்தென்று எண்ணித் தினந்தோறும் பொடியாக உண்போரே கருத வேண்டும்.

பல மெல்லிய ஏடுகள் ஒன்றனுள் ஒன்றாய்ச் சுருண்டு, எளிதில் நொறுங்குவது கறுவா. கனத்த ஒரே தோலாய்ச் சுருண்டு, உடைக்கக் கடினமாயிருப்பது கசியா. பொடித்தபின் கண்ணால் பிரித்தறிதல் அரிது. எனவே முழுப் பட்டையாக வாங்குவதே நன்று. கறுவா பயிரிடுவோரும் தம் சரக்கைப் பெயர் குறித்துத் தனியே விற்பின், அதன் தரத்திற்கேற்ற விலையைக் கேட்க நியாயம் உண்டு.

குளோவரின் கதை நம் வைக்கோலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பூசணம் தரும் நஞ்சு இஃதொன்று மட்டுமன்று. ஆதலின், அறுத்த தீவனத்தை நன்கு உலர்த்துக. போரை மேடான இடத்தில் அமைத்து மழைநீர் இறங்காமல் காத்திடுக. பூசணம் கண்ட பகுதியைத் தயங்காது ஒதுக்குக. ஒரு கட்டுத் தீவனத்தின் விலை, ஒரு மாட்டின் விலையாகாது.