சகோதரி சுப்பலட்சுமி

சகோதரி சுப்பலட்சுமி (ஆர்.எஸ். சுப்பலட்சுமி, ஆகஸ்ட் 18, 1886 – டிசம்பர் 20, 1969) சென்னையைச் சேர்ந்த ஆசிரியர், கல்வியாளர், சமூகச் சீர்திருத்தவாதி. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண். குழந்தை விதவைகளைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கியவர். பெண்கல்வி நிறுவனங்கள் பலவற்றைத் தொடங்கி நடத்தினார்.

பிறப்பு, கல்வி

சுப்பலட்சுமி மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயர் – விசாலாட்சி இணையரின் மூத்த மகளாகப் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். பதினொன்றாம் வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார்.

அக்காலப் பிராமணக் குடும்பங்களில் விதவையான சிறுமி, வயது வந்ததும் தலை மழிக்கப்பட்டு, நார்மடி உடுத்தி, அடுக்களையிலேயே காலம் கழிக்கவேண்டியிருந்தது. விதவை மறுமணத்தை 1856-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருந்தும் சமூகம் அதை ஏற்கவில்லை. சுப்பலட்சுமியின் பெற்றோர் இவ்வழக்கங்களை மகள்மீது சுமத்தவில்லை. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். தானும் இளம்விதவையான சித்தி வாலாம்பாள் துணையாக இருந்தார். எழும்பூரில் கான்வென்ட் பள்ளியில் பயின்றபின் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

விதவையர் இல்லம்

அன்று பெண்கல்விக்குப் பெரிய தடை ஆசிரியைகள் இல்லாமை. ஆண்கள் கற்பிக்கும் பள்ளிக்கு வளர்ந்த பெண்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மணமான பெண்கள் வேலைக்குச் செல்லும் வழக்கம் இல்லை. படித்து வேலைக்குச் செல்லக்கூடியவர்கள் என்று எஞ்சியவர்கள் வீட்டில் முடங்கிக்கிடந்த இளம்விதவைகளே. அவர்களை ஆசிரியைகளாக்கினால் அவர்களுக்குச் சொந்தக் காலில் நிற்கும் வாழ்வும், பள்ளிகளுக்கு ஆசிரியைகளும் ஒருங்கே கிடைக்கும் எனச் சுப்பலட்சுமி கருதினார். பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் இதற்கு ஆதரவளித்தார்.

எழும்பூரில் நான்கு விதவைப் பெண்களுடன் இல்லம் தொடங்கியது. 1912-ல் சாரதா மகளிர் சங்கம் அமைந்தது. இடம் போதாமல் இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறியது. முன்பு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைத்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை 1917-ல் அரசு வாங்கியது. விதவையர் இல்லம் அங்கு இயங்கியது. வாலாம்பாள் இல்ல நிர்வாகத்தில் உடனிருந்தார்.

பெற்றோர் நம்பிப் பெண்களை அனுப்பவேண்டும் என்பதற்காக இல்லத்தில் ஆசார விதிகள் கடைப்பிடிக்கப்பட்டன. பிராமண விதவைகள் மட்டுமே அங்கு தங்கினர் என்பது இல்லத்தின் மீதான விமர்சனம். ஆயினும் ஆசாரவாதிகளின் எதிர்ப்பும் குறையவில்லை. அங்கு படித்த பெண்கள் பள்ளி ஆசிரியைகளாயினர். சிலர் கல்லூரிப் படிப்புக்கும் சென்றனர்.

கல்விப்பணி

1922-ல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வராகச் சுப்பலட்சுமி பொறுப்பேற்றார். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் நேரடியாக வகுப்பெடுத்துப் பழக, அதனுடன் ஒரு பள்ளியும் இணைந்திருந்தது. 1927-ல் சாரதா வித்யாலயா பள்ளி சங்கத்தின் சார்பில் தொடங்கப்பட்டது. கடற்கரைக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்காகவும் ஒரு பள்ளி நடத்தினார்.

ஓய்வுக்குப் பின்னும் பணி தொடர்ந்தது. பள்ளிப்படிப்பைத் தவறவிட்ட வயதுவந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். மயிலாப்பூர் மகளிர் மன்றம் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியதிலும் தாம்பரம் அருகே மாடம்பாக்கத்தில் மகளிர், குழந்தைகள் நலமையம் அமைந்ததிலும் பங்காற்றினார்.

சமூகப்பணி

அரசு ஊழியர் என்பதால் அரசியலில் வெளிப்படையாக ஈடுபட இயலவில்லை. எனினும் குழந்தை மணத்திற்கு எதிராகத் தொடர்ந்து பேசினார். மணமகளின் குறைந்தபட்ச வயதை 14 ஆக்கிய 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டத்தை ஆதரித்தார். 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார்.

விருதுகள்

கைசர்-இ-ஹிந்த் தங்கப்பதக்கம் – 1920
பத்மஸ்ரீ – 1958

மறைவு

சுப்பலட்சுமி 1969 டிசம்பர் 20 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில் காலமானார்.

மதிப்பீடு

மோனிகா ஃபெல்டன் இவர் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார் (1966). விதவைக்குப் பரிவு காட்டச் சொன்னவர்கள் முன்பும் இருந்தனர். சுப்பலட்சுமி அவர்களுக்குப் படிப்பும் சம்பளமும் தொழிலும் கிடைக்க வழிசெய்தார். சுபகாரியங்களில் எதிரே வரக்கூடாதவள் என ஒதுக்கப்பட்ட பெண், ஊரார் தம் மகள்களை ஒப்படைக்கும் ஆசிரியையாக வகுப்பறையில் நின்றார். அவரிடம் பயின்ற சிறுமிகளுக்கு அது இயல்பான காட்சியாயிற்று என்பதே இப்பணியின் நீடித்த விளைவு.