வயிற்றுக்குள் எதிரொலி!
டாக்டர்கள் எழுதும் ஸ்கேன் பரீட்சை

ஸ்கேன் எடுப்பது சுலபமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வயிற்றில் பசை தடவுகிறார்கள். ஒரு கருவியை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார்கள். பெட்டியில் படம் தெரிகிறது. "இதற்கு ஒரு படிப்பா? இதற்கு ஒரு பரீட்சையா?" என்று கேட்பவர்களும் உண்டு.

படிப்பும் உண்டு, பரீட்சையும் உண்டு!

ஐந்தரை ஆண்டு படித்து எம்.பி.பி.எஸ். பட்டம் வாங்கிய டாக்டர்கூட, கர்ப்பிணிப் பெண்ணின் வயிற்றில் அந்தக் கருவியை வைக்க வேண்டுமானால், மறுபடியும் மாணவர் ஆக வேண்டும். 6 மாதம் பயிற்சி. மொத்தம் 300 மணி நேரம். முடிவில் பரீட்சை. மத்திய அரசு 2014-ம் ஆண்டு ஜனவரி மாதம் கொண்டு வந்த விதி இது. ஸ்கேன், எக்ஸ்ரே துறையிலேயே மேல்படிப்பு முடித்த டாக்டர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். அவர்கள் இதையெல்லாம் முன்பே படித்தவர்கள்.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்? உடம்பைப் பற்றி அல்ல. முதல் பாடம், சத்தத்தைப் பற்றி!

மலையடிவாரத்தில் ஒரு பாடம்

இந்த முதல் பாடத்தைப் புரிந்து கொள்ள பட்டணத்துக்குப் போக வேண்டியது இல்லை. தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியே போதும். (பாப்பாரப்பட்டி என்று படித்து விடாதீர்கள். சுப்பிரமணிய சிவா மறைந்த அந்த ஊர் பென்னாகரம் பக்கம். இது அரூர் பக்கம்.)

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே வாணியாறு அணை இருக்கிறது. சேர்வராயன் மலையில் இருந்து இறங்கி வரும் தண்ணீர் அங்கே தேங்குகிறது. அந்த மலைப்பக்கம் நின்று ஒருவர் "ஓ" என்று கத்துகிறார் என்று வைத்துக் கொள்வோம். 2 வினாடி கழித்து "ஓ" என்று எதிரொலி வருகிறது. அப்படியானால் எதிரே இருக்கும் பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

காற்றில் சத்தம் ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர் தூரம் ஓடும். போவதற்கு 1 வினாடி, திரும்பி வருவதற்கு 1 வினாடி. ஆகவே பாறை 340 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கயிறு பிடித்து அளக்காமலே தூரம் தெரிந்து விட்டது!

ஸ்கேன் கருவி செய்யும் வேலையும் இதுதான். அது வயிற்றுக்குள் கத்துகிறது. எதிரொலியைக் கேட்கிறது. எவ்வளவு நேரம் கழித்து எதிரொலி வந்தது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் படம்.

ஆனால் அந்தச் சத்தம் நம் காதுக்குக் கேட்காது. ஒரு வினாடிக்கு 20 முதல் 20 ஆயிரம் அதிர்வு வரை உள்ள சத்தம்தான் மனிதக் காதுக்குக் கேட்கும். ஸ்கேன் கருவியின் சத்தமோ வினாடிக்கு 20 லட்சம் அதிர்வில் தொடங்குகிறது. ஒன்றரைக் கோடி வரைகூடப் போகிறது.

உடம்பின் சதைக்குள் சத்தம் காற்றில் ஓடுவதை விட வேகமாக ஓடும். வினாடிக்கு 1,540 மீட்டர். இந்த 1,540 என்ற எண் ஸ்கேன் படிப்பவர்களுக்குப் பெற்ற பிள்ளையின் பெயர் மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

10 சென்டிமீட்டர் ஆழத்தில் கருவின் தலை இருந்தால், எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வினாடியை 10 லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் 130 பங்கு! அவ்வளவு சிறிய நேரத்தை எந்திரம் அளந்து விடுகிறது.

பசை எதற்கு?

டாக்டர் கையில் பிடிக்கும் கருவிக்கு "புரோப்" என்று பெயர். அதன் நுனியில் ஒரு தனி வகைப் பொருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்தால் அது அதிரும், சத்தம் பிறக்கும். எதிரொலி வந்து அதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். வாயும் அதுவே, காதும் அதுவே! இப்படி அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள்கள் உண்டு என்று 1880-ல் பிரான்சு நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள்.

தோலுக்கும் கருவிக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று இருந்தால்கூட, சத்தம் உள்ளே போகாது. அப்படியே திரும்பி விடும். அந்தக் காற்றை விரட்டத்தான் பசை. "குளிருதே, எதற்கு இது?" என்று முகம் சுளிக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லலாம்.

"தண்ணீர் நிறையக் குடித்து விட்டு வாருங்கள்" என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். குடலில் காற்று இருக்கிறது. அது சத்தத்தை மறிக்கும். மூத்திரப்பை நிறைந்தால், குடலை ஒதுக்கித் தள்ளும். தண்ணீர் வழியாகச் சத்தம் தடை இல்லாமல் போகும். பிறகு கருப்பை நன்றாகத் தெரியும்.

கொதிகலன் கம்பெனியில் பிறந்தது

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் வந்த கதையும் வேடிக்கையானது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஐயன் டொனால்டு என்ற டாக்டர் இருந்தார். பிரசவ வைத்தியத்தில் பெயர் பெற்றவர். கொதிகலன் செய்யும் கம்பெனியில், இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சோதிக்கும் எந்திரம் இருப்பதை அவர் அறிந்தார். 1955-ல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு நேராக அந்தக் கம்பெனிக்கே போய் விட்டார்! கட்டிக்குக் கட்டி எதிரொலி வேறுபட்டது. பிறகு டாம் பிரவுன் என்ற என்ஜினீயரைச் சேர்த்துக்கொண்டு, மனித உடம்புக்கு ஏற்ற எந்திரத்தை உருவாக்கினார். 1958-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் கருவின் படமும் இருந்தது.

எந்திரம் பொய் சொல்லும்!

மாணவர்களைப் படாத பாடு படுத்தும் பாடம் இனிமேல்தான் வருகிறது.

எந்திரத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. சத்தம் எப்போதும் 1,540 மீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது, நேராகப் போய் நேராகத் திரும்புகிறது என்று அது நம்பிக்கொண்டு இருக்கிறது. ஆனால் கொழுப்பில் வேகம் சுமார் 1,450 மீட்டர்தான். எலும்பில் 4,000 மீட்டருக்கு மேல். ஆகவே எந்திரம் சில சமயம் இல்லாததை இருப்பதாகக் காட்டும். இருப்பதை மறைத்து விடும்.

பித்தப்பையில் ஒரு கல். அதைத் தாண்டிச் சத்தம் போக முடியாது. கல்லுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழும், தென்னை மரத்துக்குப் பின்னால் நிழல் விழுவது போல. அந்த நிழலைப் பார்த்துத்தான் "இது கல்" என்று டாக்டர் சொல்கிறார். நிழல் எப்படி வந்தது என்று படிக்காதவர், "உள்ளே ஏதோ ஓட்டை" என்று சொல்லி நோயாளியின் நெஞ்சில் நெருப்பை அள்ளிப் போட்டு விடுவார்.

கல்லீரலுக்கு மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வுச் சதை ஒன்று உண்டு. அது சில சமயம் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். கல்லீரலில் இருக்கும் ஒரு கட்டி, அந்தப் பக்கம் நுரையீரலிலும் இருப்பது போலத் தெரியும். ஒரு கட்டிதான். படத்தில் இரண்டு! பரீட்சையில் இந்த மாதிரிப் படங்களைக் காட்டி, "இதில் எது நிஜம், எது பொய்?" என்று கேட்பார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அதிர்வு கூடக் கூட, படம் துல்லியமாக இருக்கும். ஆனால் ஆழத்துக்குப் போகாது. 30 லட்சம் அதிர்வு உள்ள சத்தம் 10 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்பினால், சுமாராக ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு கோடி அதிர்வு என்றால், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு! அதனால்தான் கழுத்துக் கட்டிக்கு ஒரு கருவி, கர்ப்பிணியின் வயிற்றுக்கு வேறு கருவி.

அளவும் அப்படித்தான். கர்ப்பத்தின் நடு மாதங்களில் கருவின் தலை அகலம் வாரத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். தலையின் ஓரத்தில் புள்ளி வைக்கும்போது கை 3 மில்லிமீட்டர் தவறினால், கணக்கில் ஒரு வாரம் தவறி விடும். பிரசவ தேதி மாறி விடும். "பிள்ளை வளரவில்லையே" என்று ஒரு குடும்பமே கலங்கும்.

பொம்மிடி ரெயில் சொல்லும் பாடம்

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்கு பொம்மிடி ரெயில் நிலையம் தெரியும். சேலம்-ஜோலார்பேட்டை பாதையில் இருக்கிறது. நிற்காத ரெயில் ஊதிக்கொண்டே வரும்போது கேட்டுப் பாருங்கள். வரும்போது ஊதல் கீச்சென்று இருக்கும். தாண்டிப் போனதும் ஊதலின் சுதி தாழ்ந்து விடும். 1842-ல் டாப்ளர் என்ற ஆஸ்திரிய நாட்டு அறிஞர் இதற்குக் காரணம் சொன்னார்.

இரத்தத்தின் ஓட்டத்தையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். கருவியை நோக்கி இரத்தம் வந்தால் எதிரொலியின் சுதி ஏறும். விலகிப் போனால் இறங்கும். தொப்புள்கொடியில் இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று இதனால் அறிகிறார்கள்.

இதிலும் ஒரு பொறி வைத்திருக்கிறது இயற்கை. இரத்தக் குழாய்க்குச் செங்குத்தாகக் கருவியைப் பிடித்தால், சுதி மாறவே மாறாது. இரத்தம் ஓடிக்கொண்டு இருக்கும். எந்திரமோ "ஓட்டம் இல்லை" என்று சொல்லும்! 60 டிகிரி சாய்த்துப் பிடித்தால், நேராகப் பிடிக்கும்போது கிடைக்கும் மாற்றத்தில் பாதிதான் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் "இது எதற்கு உதவும்?" என்று கேட்டு மறந்து போன கோணக் கணக்கை, டாக்டர்கள் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி படிப்பது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவிலும் இதே பாடம்தான். அங்கே டாக்டர் அல்லாதவர்களும் தனியாகப் படித்து ஸ்கேன் எடுக்கிறார்கள். அவர்கள் சான்றிதழ் பெற, சத்தத்தின் பவுதிகத்துக்கு என்றே தனிப் பரீட்சை உண்டு. 2 மணி நேரத்தில் சுமார் 110 கேள்விகள்.

இந்தியாவில் அப்படி இல்லை. ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பில் சேரும் பிள்ளைகள் இதை முன்பே தெரிந்து கொள்வது நல்லது. எக்ஸ்ரே எடுக்கலாம். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் கர்ப்பிணியின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைக்கும் உரிமை டாக்டருக்குத்தான்.

ஏன் இந்தக் கெடுபிடி?

காரணம், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்பதும் அந்தப் பெட்டியில் தெரியும் என்பதுதான்.

தர்மபுரிக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. முதலில் சேலத்தில் தொட்டில் வைத்தார்கள். 2001-ல் தர்மபுரிக்கும் தொட்டில் வந்தது. அந்த ஆண்டு எடுத்த மக்கள் கணக்கில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆணுக்கு எத்தனை பெண் என்று பார்த்தார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் 942. சேலத்திலும் தர்மபுரியிலும் 900-க்கும் குறைவு!

பிறந்த பிறகு கொன்றவர்களுக்கு, பிறக்கும் முன்பே கொல்ல ஸ்கேன் வழி காட்டி விடக் கூடாது. 1994-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று வாயால் சொல்லக் கூடாது. சைகையாலும் காட்டக் கூடாது. சொல்லும் டாக்டருக்கு முதல் தடவை 3 ஆண்டு வரை ஜெயில். "சொல்லுங்கள்" என்று கேட்டுப் போகும் கணவருக்கும் மாமியாருக்கும்கூட 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்லப்பட்ட பெண்ணுக்குத் தண்டனை கிடையாது.

ஆகவே டாக்டர்கள் படிக்கும் பாடத்தில் பவுதிகத்தோடு இந்தச் சட்டமும் சேர்ந்து இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் "எப்" படிவம் நிரப்ப வேண்டும். எதற்காக ஸ்கேன், யார் அனுப்பியது, என்ன தெரிந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை நிரப்பாமல் விடுவது வெறும் எழுத்து வேலைக் குறை அல்ல, குற்றமே என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறி விட்டது.

கள்ளத்தனம் அடியோடு ஒழிந்து விடவில்லை. 2022-ல் தர்மபுரி மாவட்டத்தில், வீட்டுக்குள் வைத்துத் திருட்டு ஸ்கேன் பார்த்த ஒரு கும்பல் பிடிபட்டது. கையில் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு எந்திரம் சிறியதாகி விட்டது. எந்திரம் யாருக்கும் கிடைக்கிறது. படிப்புதான் கிடைப்பது இல்லை!

2011 கணக்கில் தர்மபுரி 900-ஐத் தாண்டியது. அப்போதும் மாநிலத்தின் எண்ணான 943-ஐ அது எட்டவில்லை.

டாக்டர்களின் மனக்குறை

இந்தப் பயிற்சியும் பரீட்சையும் எல்லா டாக்டர்களுக்கும் பிடித்து விடவில்லை. வழக்கு போட்டார்கள். 2016-ல் டெல்லி ஐகோர்ட்டு, எம்.பி.பி.எஸ். டாக்டர்கள் 6 மாதம் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி செல்லாது என்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. விதி மறுபடி உயிர் பெற்றது.

டாக்டர்களின் குறையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிறிய ஊரில் ஒரே ஒரு டாக்டர் இருக்கிறார். அவர் 6 மாதம் பயிற்சிக்குப் போய் விட்டால், அவசரத்துக்கு வரும் கர்ப்பிணியை யார் பார்ப்பது? அதே சமயம், நிழலைக் கட்டி என்றும், கட்டியை நிழல் என்றும் சொல்லும் ஒருவரிடம் அந்தக் கர்ப்பிணியை அனுப்பவும் முடியாது.

ஏற்கனவே ஸ்கேன் பார்த்து அனுபவம் பெற்ற டாக்டர்களுக்கு விதியில் ஒரு சலுகை இருக்கிறது. அவர்கள் பயிற்சி இல்லாமல் நேராகப் பரீட்சை எழுதலாம். தேறி விட்டால் வேலையைத் தொடரலாம். தேறாவிட்டால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், 300 மணி நேரமும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.